மூன்று பேருக்கு ஒரு மிர்ரர்

எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே கார். மூவரும் பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஜெர்மனிக்கு வந்தவர்கள். ஒரே மருத்துவமனையில் வேலை, வார்டுதான் வேறு வேறு. காலை டியூட்டி ஆறு மணிக்குத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவுக்கு முதல் பஸ் வருவதற்குள் வார்டில் பாதிப் பேருக்கு பி.பி. பார்த்து முடித்திருக்க வேண்டும். அதனால் சபையில் ஒரு குடும்பம் பழைய காரை விற்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும், மூன்று பேரும் பணம் போட்டு வாங்கிவிட்டோம். பதினெட்டு வயது வண்டி. வயதில் அது இந்த இதழைப் படிக்கும் சிலருக்கு அண்ணன்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. நடுவில் இருக்கும் ரியர் வியூ மிர்ரர் மட்டும் ஆட ஆரம்பித்தது. கல் பதித்த தெருவில் போனால் பின்னால் வரும் காரின் இரண்டு விளக்கும் நான்காகத் தெரியும். கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினால் தலை குனிந்துவிடும். தமிழில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, காற்றைத் தடுப்பதும் கண்ணாடி. குழப்பம் வராமல் இருக்க, பார்ப்பதை மிர்ரர் என்றும் தடுப்பதை முன் கண்ணாடி என்றும் எழுதுகிறோம். கண்ணாடி என்றதும் பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதியதை எடுத்துப் பிரசங்கம் செய்துவிடுவோமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். அது போதகர் ஐயாவின் வேலை. நாங்கள் எழுதப்போவது பசையைப் பற்றி. நம் வாலிபர் கூடுகையில் இந்த வருடம் நான்கைந்து பேர் லைசென்ஸ் எடுத்திருக்கிறீர்கள். முதல் கார் பெரும்பாலும் பழைய காராகத்தான் இருக்கும். உங்களுக்கு உதவலாம்.

இந்தியாவிலோ இலங்கையிலோ எடுத்த லைசென்ஸ் இங்கே குடியேறிய பிறகு ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அதன்பின் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுத்துத் தேர்வை ஜெர்மன் தவிர ஆங்கிலம், துருக்கி, அரபு உட்படப் பன்னிரண்டு மொழிகளில் எழுதலாம், தமிழ் அதில் இல்லை. ஓட்டும் வகுப்பில் எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது கியரும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. பார்ப்பதுதான். நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்வார், மிர்ரர் அவருக்கு இடப்பக்கம் இருக்கும். இங்கே எல்லாம் மறுபக்கம். ஊரில் லாரியின் பின்புறமே ஹாரன் அடிக்கச் சொல்லும், பின்னால் வருகிறவர் தன்னைத் தெரிவிப்பார். இங்கே யாரும் தெரிவிப்பதில்லை. நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். லேன் மாறுவதற்கு முன் நடு மிர்ரர், பக்க மிர்ரர், பிறகு தோளுக்கு மேல் ஒரு பார்வை: 'ஷுல்டர்பிளிக்'. இந்த மூன்றையும் வரிசையாகச் செய்யும்வரை எங்கள் ஆசிரியர் விடவே இல்லை. ஏன் நடு மிர்ரர் முதலில் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம் எங்களுக்குப் பிடித்திருந்தது. வலப்பக்க மிர்ரர் வெளியே புடைத்த வளைவானது. நிறைய இடத்தைக் காட்டும், ஆனால் பின்னால் வரும் வண்டியைச் சிறிதாக்கித் தூரத்தில் இருப்பதுபோல் காட்டும். நடுவில் இருப்பது தட்டையானது. தூரத்தை உள்ளபடி சொல்வது அதுதான்.

இந்த மிர்ரருக்கு ஒரு நல்ல பழைய கதை உண்டு, இரண்டு கதைகள் என்றே சொல்லலாம். டோரதி லெவிட் என்று ஒரு ஆங்கிலேயப் பெண், கார் பந்தய வீராங்கனை. கார் ஓட்ட விரும்பும் பெண்களுக்காக 1909-இல் ஒரு புத்தகம் எழுதினார். இருக்கைக்கு அடியில் உள்ள சிறு டிராயரில் ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், நெரிசலில் அவ்வப்போது தூக்கிப் பிடித்தால் பின்னால் வருவது தெரியும் என்பது அதில் உள்ள ஒரு யோசனை. கார்களில் மிர்ரர் என்பதே வழக்கத்துக்கு வராத காலம் அது. இரண்டு வருடம் கழித்து, 1911 மே 30 அன்று, அமெரிக்காவில் முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயம் நடந்தது. ஐந்நூறு மைல், அதாவது சுமார் 800 கிலோமீட்டர். மற்ற ஓட்டுநர்கள் எல்லாரும் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலைகளில் ஒன்று. ரே ஹாரூன் மட்டும் ஒற்றை இருக்கை காரில் வந்தார். மற்றவர்கள் ஆட்சேபிக்கவே, தன் காரில் ஒரு மிர்ரரைப் பொருத்திக்கொண்டார். பந்தயத்தில் ஜெயித்தவரும் அவரே. கார் மிர்ரரின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பந்தயப் பாதை செங்கல் பதித்தது. அந்த அதிர்வில் மிர்ரர் இடைவிடாமல் ஆடிக்கொண்டிருந்தது, அதில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று பிற்காலத்தில் ஹாரூனே சொன்னார். சரித்திரத்தில் பேர் வாங்கிய மிர்ரரே ஆடும் மிர்ரர்தான்.

எங்களுக்கும் சில வாரம் ஒரு மெக்கானிக் இருந்தார். பின் சீட்டில்.

நைட் டியூட்டி முடித்து மூவரும் சேர்ந்து ஏ 40 ஆட்டோபானில் வந்துகொண்டிருந்தோம். டூயிஸ்பர்க்கில் இருந்து டோர்ட்மண்ட் பக்கம் போகும் பாதை. அதில் காலை நேர நெரிசலைப் பற்றி ரூர் பகுதியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேகம் குறைந்து, குறைந்து, நடை வேகத்துக்கு வந்துவிட்டது. அப்போது பின் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "அக்கா, நீல லைட் வருது, வலது பக்கம் ஒதுங்குங்க" என்றார். ஆட்டோபானில் போக்குவரத்து நடை வேகத்துக்கு வந்தாலே, ஆம்புலன்ஸ் வருகிறதோ இல்லையோ, 'ரெட்டுங்ஸ்காஸ்ஸெ' என்ற மீட்பு வழியை விட்டு நிற்க வேண்டும் என்பது சட்டம். இடக்கோடி லேனில் இருப்பவர்கள் இடப்பக்கமாகவும், மற்ற எல்லா லேன்களிலும் இருப்பவர்கள் வலப்பக்கமாகவும் ஒதுங்க வேண்டும். நாங்கள் பாதி ஒதுங்கித்தான் இருந்தோம், இன்னும் நன்றாக ஓரம் போனோம். ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்டிப் போனது. அதன் பிறகு மிர்ரரைப் பார்த்தோம். முன் சீட்டில் இருந்தவர்களுக்கு அந்த நீல வெளிச்சம் நடுங்கும் கோடாகத்தான் தெரிந்திருந்தது. அந்த ஆம்புலன்ஸ் போய்ச் சேரும் இடத்தில் நிற்பவர்கள் எங்களைப் போன்றவர்கள். அங்கே ஒரு நிமிடம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். வீடு வரும்வரை யாரும் பேசவில்லை.

அடுத்த மாத டியூட்டி அட்டவணை வந்தபோது மூன்று பேருக்கும் மூன்று நேரம். எங்களில் கடைசியாக லைசென்ஸ் எடுத்தவருக்கு நைட் டியூட்டி. முதல்முறையாக இரவில் தனியாக ஓட்ட வேண்டும், பின் சீட்டில் மெக்கானிக் கிடையாது. கூடவே, நம்பர் பிளேட்டில் இருக்கும் வட்ட ஸ்டிக்கரில் மேலே 3 என்று நின்றது. அதில் மேலே இருக்கும் எண் மாதம், நடுவில் இருப்பது வருடம். மார்ச்சுக்குள் வண்டியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ட்யூஃப் என்றால்தான் எல்லாருக்கும் புரியும். வாகன அனுமதிச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு முழுக்க மிர்ரர்களைப் பற்றித்தான். பெரிய குறை என்று எழுதிவிட்டால் ஒரு மாதத்துக்குள் சரிசெய்து மறுபடி காட்ட வேண்டும். ஒரு பட்டறையில் கேட்டோம். மிர்ரரை முழுதாக மாற்ற வேண்டும், கூலியோடு நூறு யூரோவுக்கு மேல் ஆகும் என்றார்கள். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

சபையில் யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவர் இருக்கிறார். எண்பதுகளில் இங்கே வந்து, ஓய்வு பெறும்வரை கார் பட்டறையில் வேலை செய்தவர். ஆராதனை முடிந்ததும் அவரிடம், "அங்கிள், மிர்ரர் ஒட்ட என்ன பசை வாங்கலாம்?" என்று கேட்டோம்.

"பிள்ளையள், பசையைப் பிறகு பாப்பம். முதல் எது ஆடுது எண்டு பாருங்கோ."

வயிற்று வலி என்று வருகிறவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் மாத்திரை தருவதில்லை, அதே நியாயம்தான். பழைய கார்களில் இந்த மிர்ரர் ஆட மூன்று இடங்கள் உண்டு. முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிறிய உலோகத் தகடு ஒன்று. அந்தத் தகட்டில் மிர்ரரின் கை மாட்டும் இடம் இரண்டாவது. சில கார்களில் அங்கே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், சிலவற்றில் ஸ்பிரிங் கிளிப். மூன்றாவது, கையும் மிர்ரரும் சேரும் குண்டு மூட்டு. நம் தோள் மூட்டைப் போல ஒரு கிண்ணத்துக்குள் ஒரு குண்டு திரும்பும். ஒரு கையால் மிர்ரரின் கையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் மிர்ரரை மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். மிர்ரர் மட்டும் ஆடினால் குண்டு மூட்டு தளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அதை இறுக்க வழி இருக்காது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் அதே மாடலுக்கான மிர்ரரைத் தேடி மாற்றுவதே நல்லது. அதன் பின்புறத்தில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதுதான் அங்கீகார முத்திரை. கையே ஆடினால் ஸ்க்ரூவைப் பார்க்க வேண்டும், அரைச் சுற்று இறுக்கினால் வேலை முடிந்துபோகலாம். எங்கள் வண்டியில் தகடே கண்ணாடியை விட்டு ஒரு ஓரமாக எழும்பியிருந்தது. வெளியே நின்று முன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பழைய பசைக்குள் காற்று புகுந்து வெள்ளையாகத் தெரிந்தது. நூறு யூரோ இல்லை, பத்து யூரோவுக்குள் முடியும் வேலை.

ஏன் எழும்பியது என்பதற்கும் அங்கிள் காரணம் சொன்னார். மூன்று பேர், மூன்று உயரம். ஒவ்வொரு டியூட்டிக்கும் மிர்ரரைத் திருப்புகிறோம். ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பு தகட்டுக்குப் போகிறது. போதாததற்கு, வண்டியை முன்பு வைத்திருந்த குடும்பம் மிர்ரரில் ஒரு மரச் சிலுவையைத் தொங்கவிட்டிருந்தது. நல்ல கனம். ஒவ்வொரு பிரேக்குக்கும் அது முன்னும் பின்னும் ஆடும், பார்வையையும் மறைக்கும். பார்வை மறைக்கப்படாமல் இருப்பது ஓட்டுநரின் பொறுப்பு என்று இங்கே சட்டமே சொல்கிறது. அதைக் கழற்ற எங்களில் ஒருவருக்கு மனமே வரவில்லை. சிலுவையை எடுத்துவிட்டு எப்படிப் பயணம் போவது என்றார். கொஞ்ச நேரம் பேசினோம். இப்போது அது சாவிக் கொத்தில் இருக்கிறது. மிர்ரரில் தொங்கியபோது அதைப் பார்த்ததைவிட இப்போது அதிகமாகத் தொடுகிறோம் என்று அதே தோழி சொல்கிறார்.

சூப்பர் குளூவால் ஒட்டலாமா என்று நீங்கள் கேட்பீர்கள், நாங்களும் கேட்டோம். எமர்ஜென்சியில் சிறு வெட்டுக்காயங்களை மூடப் பயன்படும் பசையும் அதே குடும்பம்தான். தோலுக்கு அது நல்லது. மிர்ரருக்கு வேண்டாம். காய்ந்ததும் அது கண்ணாடிபோல விறைத்துவிடும், அதிர்வு தாங்காது. கோடை வெயிலில் நிறுத்திய கார் உள்ளே கொதிக்கும், ஜனவரி இரவில் உறையும். கண்ணாடியும் உலோகமும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும். நடுவில் இருக்கும் பசை அதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். உதிரிபாகக் கடையில் மிர்ரர் ஒட்டவென்றே தனிப் பசை கிடைக்கும். ஒரு சின்ன டியூப், கூட ஒரு ஆக்டிவேட்டர். இரண்டும் சந்திக்கும்போதுதான் கெட்டியாகும். சனிக்கிழமையே வாங்கி வையுங்கள், ஞாயிறு கடை கிடையாது.

பிப்ரவரிக் குளிர். தெருவில் வைத்துச் செய்தால் பசை பிடிக்காது என்று அங்கிள் தன் கராஜுக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். அங்கே ஹீட்டர் உண்டு, இருபது டிகிரி வரும்வரை காத்திருந்தோம். முதலில் தகடு இருந்த இடத்தை வெளிப்புறத்தில் டேப் ஒட்டிக் குறித்தோம், எந்தப் பக்கம் மேலே என்பதையும் சேர்த்து. தலைகீழாக ஒட்டினால் மிர்ரர் மாட்டாது. பிறகு தகட்டைக் கழற்றும் வேலை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பக் கூடாது, முன் கண்ணாடி விரிசல் விட்டால் செலவு வேறு கணக்குக்குப் போய்விடும். முடி உலர்த்தும் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல், மெல்ல மெல்லச் சூடாக்கினோம். சில்லென்ற கண்ணாடியில் சட்டென்று சூடு பட்டாலும் விரிசல்தான். பத்து நிமிடத்தில் தகடு கையோடு வந்தது.

அடுத்து வந்தது எங்களுக்குப் பழக்கமான வேலை. பிளாஸ்திரி ஒட்டுவதில் திறமை பிளாஸ்திரியில் இல்லை, தோலைத் தயார் செய்வதில் இருக்கிறது என்று முதல் வருட மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். தோலில் ஈரமோ எண்ணெயோ பழைய பசையோ இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த பிளாஸ்திரியும் நிற்காது. இங்கேயும் அப்படித்தான். கண்ணாடியில் இருந்த பழைய பசையை ரேசர் பிளேடால் சாய்வாகச் சுரண்டினோம். தகட்டில் இருந்ததை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தோம். பிறகு ஆல்கஹாலால் இரண்டையும் துடைத்து, காயும்வரை விட்டோம். அங்கிளுக்கு நாங்கள் அந்த இடத்தை விரலால் தொடாமல் இருந்தது ஆச்சரியம். "பட்டறையில பெடியளுக்கு இதை நூறு தரம் சொல்லோணும்" என்றார். எங்களுக்கு அது பழக்கம். கை சுத்திகரிக்க முப்பது விநாடி என்றால் முப்பது விநாடி, அந்த மருந்து வேலை செய்ய அவ்வளவு நேரம் வேண்டும். ஆக்டிவேட்டருக்கும் டியூப்பில் ஒரு நேரம் போட்டிருக்கும். அது பார்வைக்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும், போட்ட நேரம் முடிந்த பிறகே பசை வைக்க வேண்டும்.

பசையை எடுத்ததும் எங்களில் ஒருவர் தாராளமாகப் பிதுக்கப் போனார். "ஒரு சொட்டுக் காணும் பிள்ளை" என்று அங்கிள் கையைத் தடுத்தார். (அவர்கள் ஊரில் 'காணும்' என்றால் 'போதும்'. இது எங்களுக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.) அதிகமாக வைத்தால் பலம் கூடாது, நடுவில் தடித்து நின்று காய்வதற்குத்தான் தாமதமாகும். தகட்டை டேப் குறிக்கு நேராக வைத்து, அசைக்காமல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தோம். கால் மணி நேரத்தில் மிர்ரரை மாட்டலாம் என்று டியூப்பில் எழுதியிருந்தது. அங்கிள் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாளைக்கு வந்து மாட்டுங்கள் என்று சொல்லி, எங்களை பஸ் ஸ்டாப்வரை நடக்க வைத்தார். போகும் வழியில் ஆன்ட்டி கொடுத்த இடியப்பப் பொட்டலம் கையில் சூடாக இருந்தது.

மறுநாள் மாட்டினோம். வண்டியைக் கல் பதித்த தெருவுக்குக் கொண்டுபோனோம். பின்னால் வந்த காருக்கு இரண்டே விளக்கு.

இரவில் தனியாக ஓட்டப்போகிறவருக்கு அன்று இன்னொன்றையும் காட்டினோம். மிர்ரரின் அடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், பலர் அது எதற்கு என்றே கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கண்ணாடி மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே தடிமன் இல்லை, ஆப்பு வடிவம். பகலில் பின்புறப் பூச்சில் பட்டுத் திரும்பும் முழு வெளிச்சத்தைப் பார்க்கிறோம். நெம்புகோலைத் தள்ளினால் அந்தப் பிம்பம் கூரைப் பக்கம் போய்விடும். பூச்சில்லாத முன்பரப்பில் பட்டுத் திரும்பும் நூற்றுக்கு நான்கு பங்கு வெளிச்சம்தான் கண்ணுக்கு வரும். பின்னால் லாரியின் விளக்கு எவ்வளவு கூசினாலும் இரண்டு புள்ளியாக அமைதியாகத் தெரியும். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. புதிய கார்களில் இதெல்லாம் தானாக நடக்கும். அந்த மிர்ரர்களுக்குப் பின்னால் மழை சென்சார், கேமரா எல்லாம் உட்கார்ந்திருக்கும். அவற்றில் இப்படிப் பசையோடு இறங்கிவிடாதீர்கள், பட்டறைக்கே போங்கள்.

நெம்புகோலைத் தள்ளும்போதும், உயரத்துக்கு ஏற்பத் திருப்பும்போதும், மறு கையால் மிர்ரரின் கையைத் தாங்கிப் பிடிப்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம். முதலில் சீட், பிறகு மிர்ரர். பின் கண்ணாடி முழுவதும் சட்டம் போட்ட படம்போல அதில் அடங்க வேண்டும், சொந்த முகம் தெரியக் கூடாது.

முதல் நைட் டியூட்டி முடிந்து காலை ஏழே காலுக்கு அவர் வீட்டுக்கு வந்தார். மற்ற இருவரில் ஒருவர் ஏற்கெனவே வார்டில், ஒருவர் சமையலறையில். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, எசென் பக்கம் ஒரு நீல லைட் வந்தது, தூரத்தில் வரும்போதே தெரிந்தது என்றார். சாவியை மேஜையில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

மார்ச் இரண்டாம் வாரம் பரிசோதனை. அதிகாரி உள்ளே உட்கார்ந்து மிர்ரரை ஒருமுறை தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வைப்பர் ரப்பரை மட்டும் மாற்றச் சொன்னார்.